ஈசிஜி நார்மல் என்று சொல்லி அனுப்பினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாரடைப்பின் அறிகுறிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். முழுக்கச் சரி. ஆனால் அதே அறிகுறிகளோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி எடுத்து, ரத்தம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று கேட்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பல பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது பேனிக் அட்டாக். ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். மேல்விஷாரம் தாண்டி ரத்தினகிரி வருவதற்குள் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த சீட்டிலேயே செத்துவிடுவோம் என்று சந்தேகமே இல்லாமல் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா "இன்னாமா ஆச்சு, மூஞ்செல்லாம் வெளுத்துப்போச்சே" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். சத்துவாச்சாரியில் இறங்கி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு, கேஸா இருக்கும்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்பது நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் அப்புறம் எதனால் அப்படி ஆனது, மறுபடி வந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஈசிஜி, எக்கோ, தைராய்டு டெஸ்ட் என்று சம்பளத்தில் பாதி போனதுதான் மிச்சம். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் ஒரு டாக்டர் உட்கார வைத்து, இதற்குப் பெயர் இது, இதனால் யாரும் சாவதில்லை, இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று விளக்கிச் சொன்னார். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தை முதல் ஆஸ்பத்திரியிலேயே ஏன் ஒதுக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். ஆபத்து என்றால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகும், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும். திருடன் வராமலே நாய் குரைக்கிற மாதிரி, ஆபத்து எதுவும் இல்லாதபோதே இது நடந்துவிட்டால் அதுதான் பேனிக் அட்டாக். மூச்சை வேகவேகமாக விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால்தான் தலை சுற்றுவதும் விரல் மரப்பதும். ஆக்சிஜன் பற்றாமல் அல்ல. உடம்பில் நடக்கும் இந்த மாற்றத்தைப் பார்த்து 'ஐயோ மாரடைப்பு' என்று மனசு நினைக்கிறது, நினைத்ததும் அட்ரினலின் இன்னும் ஏறுகிறது. சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே இறங்கிவிடும்.

சிலருக்கு மூச்சு வாங்கி வாங்கி கைவிரல்கள் அப்படியே மடங்கி இறுகிப்போகும். எங்கள் ஊரில் இதை வலிப்பு என்று நினைத்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள், நாலு பேர் பிடித்து அமுக்குவார்கள். வலிப்புக்கே சாவி கொடுப்பதில் ஒரு பிரயோஜனமும் கிடையாது. சுற்றி நின்று காற்றை மறைக்காமல், ஒருத்தர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரத்துல போயிடும், நான் இருக்கேன், மூச்சை மெதுவா வெளிய விடு" என்று சொன்னாலே போதும். மூச்சை இழுப்பதைவிட விடுவதில்தான் விஷயம் இருக்கிறது, மெல்ல, நீளமாக. பேப்பர் கவரை மூக்கில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை, வந்தது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது ஆபத்தில் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்டாக்கைவிட, அது மறுபடி வந்துவிடுமோ என்கிற பயம்தான் ஆளை முடக்குகிறது. முதலில் பஸ்ஸைத் தவிர்த்தேன். அப்புறம் கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபம், ரேஷன் கடை வரிசை, கடைசியில் தனியாகக் கோயிலுக்குப் போவதுகூட நின்றுபோனது. தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும் என்பது இந்த நோயின் குணம். என் தோழியின் தங்கை ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இதனாலேயே வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறாள். பயந்துவிட்டாள் என்று மந்திரித்து தாயத்து கட்டியிருக்கிறார்கள். அவள் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வேறு வழி இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

அக்னி நட்சத்திரம் நெருங்க நெருங்க இது இன்னும் கஷ்டம். வேலூர் வெயிலில் யாருக்குமே நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கண் இருட்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுவே 'ஆரம்பித்துவிட்டது' என்று தோன்றி நிஜமாகவே அட்டாக்கில் கொண்டுபோய் விடும். காலையில் வெறும் வயிற்றில் காபியை மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறுவதும் அப்படித்தான்.

வைத்தியம் இருக்கிறது, பலன் தருகிறது. சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையில், பயப்படும் இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகப் பழக்குகிறார்கள். எனக்கு முதலில் ஒரு ஸ்டாப்பிங், அப்புறம் மேல்விஷாரம் வரைக்கும், இப்போது வேலூர் வரைக்கும். தேவைப்பட்டால் எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். அவை வேலை செய்ய சில வாரம் ஆகும், ஆரம்ப நாட்களில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம், இது தெரியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் பக்கத்து வீட்டில் வாங்கி அல்பிரசோலாம் என்கிற பதற்றத்தை அடக்கும் மாத்திரையைப் போடுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. உடனே அடங்குவதாலேயே பழகிப்போய்விடும், பழகிய பிறகு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

எங்கே போவது என்றால், வேலூர்க்காரர்களுக்கு அதில் குறையே இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு நடத்தும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலச் சட்டப்படி நம் உரிமை. போன் போட்டுப் பேச 14416 இருக்கிறது, டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் தமிழிலேயே பேசலாம். இவ்வளவும் இருந்தும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை அங்கே போகச் சொல்ல ஆள் இல்லை. சொன்னாலும் "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபப்படுகிறார்கள், உண்மைதான். அதற்காகச் சொல்லாமலே விடலாமா? சர்க்கரை கூடியிருந்தால் மட்டும் கோபப்படுவாரே என்று எந்த டாக்டராவது மறைக்கிறாரா?

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர்களுக்கு எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும். முதல் தடவை வருகிறவரை இதயம் உட்பட எல்லாவற்றையும் பரிசோதித்துத்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. நான் கேட்பது அதற்கு அடுத்த படியை. எல்லாம் நார்மல் என்று தெரிந்ததும், இது பேனிக் அட்டாக்காக இருக்கலாம், இந்த டாக்டரைப் பாருங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்ட சுகாதார அதிகாரிகளும் நினைத்தால், ஒரு பக்க நோட்டீஸைத் தமிழிலும் உருதுவிலும் அச்சடித்து ஈசிஜி எடுக்கும் அறைகளில் ஒட்டிவிட முடியும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நெஞ்சு வலி பற்றிக் கட்டுரை போடும்போது, 108-க்குப் பக்கத்திலேயே 14416-ஐயும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆற்காடு.