அட்டைக்குள் ஒட்டிய சீட்டு

அன்புத் தோழிக்கு,

உன் மாமனாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தேன், நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு.

எனக்கு டென்யூர், அதாவது நிரந்தரப் பேராசிரியர் பணி, கிடைத்துவிட்டது. பதவி உயர்வும் சேர்ந்தே வந்திருக்கிறது, இனி இணைப் பேராசிரியர். அம்மாவுக்கு போன் போட்டு, "வேலை நிரந்தரம் ஆயிடுச்சும்மா" என்றேன். "அப்போ ஆறு வருஷமா நிரந்தரம் இல்லாமலா இருந்தே?" என்று பதறிப்போனார். நம் ஊரில் ஓரிரு வருஷத்தில் முடிகிற தகுதிகாண் பருவம் இங்கே அமெரிக்காவில் ஆறேழு வருஷம் இழுக்கும் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

ஆறாவது வருஷம் கட்டுரைகள், நடத்திய பாடங்கள், மாணவர்களின் மதிப்பீடு எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். நம்மோடு வேலை பார்த்தே இராத வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு அதை அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பிறகு துறையில் ஓட்டு, அப்புறம் கல்லூரிக் குழு, நிர்வாகம், கடைசியில் அறங்காவலர்கள். கிடைக்காதவர்கள் பொதுவாக இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சொன்ன கருத்துக்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பிவிடாமல் காக்கத்தான் இந்த டென்யூர். இதன் பின்னால் ஒரு பழைய காயம் இருக்கிறது. 1900-இல் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் கருத்துகள், அந்தப் பல்கலைக்கழகத்தைக் கணவரோடு சேர்ந்து நிறுவிய ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. ராஸ் போக வேண்டியதாயிற்று. அதைப் பொறுக்காமல் வேறு சிலரும் ராஜினாமா செய்தார்கள். அவர்களில் ஒருவரான ஆர்தர் லவ்ஜாய்தான் 1915-இல் ஜான் டூயி என்ற தத்துவ அறிஞரோடு சேர்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கியவர். தகுதிகாண் காலம் ஏழு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் 1940-ஆம் வருஷ அறிக்கையில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறுவதைப் பற்றி எழுதுகிறவள் நான். சிலருக்குப் பிடிக்காததை எழுதிவிட்டு அடுத்த நாளும் வகுப்புக்குப் போக முடிகிறதே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

சரி, உனக்கு எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு வழக்கம் உண்டு. டென்யூரோ பதவி உயர்வோ பெற்றவர்களை நூலகம் அழைத்து, மனதுக்கு நெருக்கமான ஒரு புத்தகத்தைச் சொல்லச் சொல்லும். அதன் அட்டையின் உட்புறம் நம் பெயர் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒட்டுவார்கள். ஏன் அந்தப் புத்தகம் என்று நாலு வரி எழுதித் தரவேண்டும். இசைத்துறைப் பேராசிரியை ஒருவர், தான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கதைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

நான் எதைச் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். நம் பகுப்பாய்வு வேதியியல் புத்தகம்தான். கல்லூரி நூலகத்தில் இருந்ததே ஒரு பிரதி, ஏழு நாள் தவணை. முதல் வாரம் உன் பெயரில், அடுத்த வாரம் என் பெயரில் என்று ஒரு பருவம் முழுக்க அதை ஹாஸ்டலிலேயே வைத்திருந்தோமே! படங்களை எல்லாம் நீதான் பென்சிலில் நகல் எடுத்தாய். சீட்டை ஒட்டிய நூலகர், காற்றுக்குமிழி நிற்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி நீவி விட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. அந்த நாலு வரியில் உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். உன்னிடம் கேட்காமல் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

பதினாலு வருஷமாக நீ கௌரவ விரிவுரையாளர். வருஷத்துக்குப் பதினோரு மாதச் சம்பளம். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-இல் சொல்லியும் உன் கைக்கு அது வந்து சேரவில்லை. இங்கேயும் பாடம் நடத்துகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டென்யூருக்கு வெளியேதான் இருக்கிறார்கள். என் பக்கத்து அறையில் இருப்பவரும் அப்படித்தான். என்னைவிட நன்றாகப் பாடம் நடத்துவார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஒட்டப்படாது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இந்த ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது எது தெரியுமா? முகம் தெரியாத சிலர் உட்கார்ந்து, நான் செய்த வேலையை வரிவரியாகப் படித்தார்கள். உன் வேலையை அப்படி யாரும் படிக்கவில்லையே. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறது என்று தொடங்கி, அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியை நீ விளக்குவாயே, அந்தத் தமிழ்ச் செய்முறைக் குறிப்புகளைப் படிக்க வேண்டும் எனக்கு.

ஜூலை மூன்றாவது வாரம் வருகிறேன். அந்த நோட்டுகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கி வை. இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்கல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி