விண்ணப்பத்தில் இருந்த ஒரு ‘ஹேவ்’

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கூடவே அனுப்பியிருந்த மகளின் வேலை விண்ணப்பமும் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். மாடியில் வைத்த கத்தரி காய்க்கத் தொடங்கிவிட்டது.

விண்ணப்பத்தை நன்றாக எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொல்: ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023.’ ஆண்டு வந்துவிட்டால் ‘ஹேவ்’ அங்கே நிற்காது. ‘ஐ கம்ப்ளீட்டட்’ போதும். ஆண்டை எடுத்துவிட்டால் ‘ஹேவ்’ இருக்கலாம்.

இந்தத் தவறு நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது என்று இரண்டு நாளாக யோசித்தேன். ‘ஹேவ்’ சேர்ந்து வரும் பிரசன்ட் பர்ஃபெக்ட் என்றால் ‘வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன்’ என்றுதானே நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள்? அது பாதி சரி. ‘மாமா வந்திருக்கிறார்’ என்றால் அவர் இன்னும் வீட்டில் இருக்கிறார். ‘மாமா வந்தார்’ என்றால் வந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆங்கிலத்திலும் இப்படித்தான். ஆனால் நம் ‘இருக்கிறார்’ இன்னும் தாராளமானது. ‘காந்தி 1921இல் மதுரைக்கு வந்திருக்கிறார், அங்கேதான் அரையாடைக்கு மாறியிருக்கிறார்’ என்று தயங்காமல் சொல்வோம். ஆங்கிலம் இதற்கு இடம் தராது. நேற்று, போன வாரம், 1921 என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னதுமே பாஸ்ட் சிம்பிள்தான், அதாவது ‘ஹேவ்’ இல்லாத வெறும் இறந்த காலம். ஆண்டைச் சொல்லாவிட்டாலும், இன்று நம்மோடு இல்லாதவரைப் பற்றி ‘ஹேஸ் விசிட்டட்’ என்றால் காதில் இடறும்.

அப்புறம், ‘சாப்பிட்டாயா?’ என்று நாம் இறந்த காலத்தில் கேட்பதை ஆங்கிலேயர் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட்?’ என்றும் கேட்பார்கள். அதனால் இதில் அவள் ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு இந்த இலக்கணம் உறைத்தது போன மாதம்தான். ஓய்வு பெறும் நாளில் பேசுவதற்கென்று ஒரு தாளில் ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் தர்ட்டி ஒன் இயர்ஸ்’ என்று எழுதி வைத்திருந்தேன். அன்று காலை அது சரியான வாக்கியம். மறுநாள் அதையே கடிதமாக எழுதும்போது ‘ஹேவ்’வை எடுத்துவிட வேண்டியிருந்தது. கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் போன் செய்யச் சொல். கடைசிப் பத்தியையும் சேர்ந்து பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்