திறந்து பார்க்காமல் தீர்ப்பு வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

18 ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தைச் சுமந்த காரின் இன்ஜின் சென்ற மாதம் நடுவழியில் நின்றுபோனது. பானெட்டைத் திறந்த சில நிமிடங்களிலேயே, ‘இன்ஜின் போய்விட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்’ என்றார் மெக்கானிக்.

‘இன்ஜின் போய்விட்டது’ என்பது நோயின் பெயரன்று. வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பிஸ்டன்களுக்குச் சேதமில்லையெனில், இன்ஜினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றினாலே பெரும்பாலும் போதும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் வற்றிச் சூடேறியிருந்தால், ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் பழுதாகி அலுமினிய ஹெட் கோணியிருக்கலாம். அதையும் ஓரளவு வரை கடைந்து சமப்படுத்த இயலும். ஆயில் இன்றி ஓடி பேரிங்குகள் கருகியிருந்தாலோ, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜினின் உடலான பிளாக்கையே துளைத்திருந்தாலோதான் மாற்று இன்ஜினைப் பற்றி யோசிக்க நேரும். இவற்றுள் எது நேர்ந்தது என்பதைக் கழற்றிப் பார்க்காமல் எவ்வாறு கூற முடியும்?

‘பழுதுச் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்’ என்று சொல்வதும் அரைகுறைக் கணக்கே. பழுதுச் செலவை, பழைய காரை விற்றால் கிடைக்கும் தொகையோடு அன்றி, நம்பகமான வேறொரு கார் வாங்க ஆகும் தொகையோடு ஒப்பிடுவதே முறை.

உண்மையில் நான் அஞ்சுவது துருவுக்குத்தான். அடிச்சட்டமும் சஸ்பென்ஷன் பிடிமானங்களும் அரித்துப்போன காரை எத்தனை நல்ல இன்ஜினும் காப்பாற்றாது. அங்கே பாசத்துக்கும் இடமில்லை. எங்கள் காரின் அடிப்பகுதி உறுதியாக இருந்தது. அறுந்தது பெல்ட், வளைந்தவை வால்வுகள். பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்