ஏகாதசி அடங்கவில்லை

களுவாஞ்சிக்குடி
ஞாயிறு இரவு

அன்புப் புளிமாவுக்கு,

மூன்று மாதமாகக் கடிதம் போடவில்லை. ஏசுவதைப் பிறகு ஏசு. நம்மைப் படிப்பித்த சேர் இறந்து நேற்று 31ஆம் நாள்.

நினைவு மலருக்கு, இறந்த மாதமும் திதியும் சொல்கிற திதி வெண்பா எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த மனிசனுக்கே வெண்பா! இரண்டு இரவு தூக்கமில்லை. ஆவணி நல்ல பிள்ளை, கூவிளச் சீராக வந்து உட்கார்ந்தது. கடைசி அடி எல்லாரும் போடுகிற 'இறையடி சேர்ந்த தினம்'தான், ஈற்றுச் சீருக்குரிய 'மலர்' வாய்பாட்டில் சுகமாக முடிந்தது. (சேர் சேர்ந்த தினம் என்று நீ சிரிப்பது கேட்கிறது.) ஏகாதசிதான் அடங்கவில்லை. அசை பிரித்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி. வெண்பாவுக்குள் கனிச்சீரை விடலாமா? சாகிற திதியையாவது சீர் பார்த்துத் தெரிந்திருக்கலாம் அவர். அப்புறம்தான் சொல்லை உடைத்துச் சீர் பிரிக்கிற வகையுளி நினைவுக்கு வந்தது. 'ஏகா' ஒரு சீர், 'தசியில்' அடுத்த சீர். மா முன் நிரை, வெண்பா கேட்கிற தளை. சரி.

அச்சகத்துப் பிள்ளை எழுத்துப்பிழை என்று நினைத்து இரண்டையும் ஒட்டிவிட்டது. 300 பிரதி! இரண்டாம் அடி மூன்று சீரோடு நொண்டுகிறது. அந்தச் சலுகை ஈற்றடிக்கு மட்டும்தானே, மச்சான். பின்பக்கத்து விருத்தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலடியும் ஒரே அளவில் ஓடினால் போதும், அவை தப்பிவிடும்.

ஒருவரும் கவனிக்கவில்லை என்பதுதான் கூடுதலாகச் சுட்டது. ஹைக்கூ போட்டிருக்கலாமே என்றான் சேரின் பேரன். ஜப்பான்காரன் 5, 7, 5 என்று எண்ணுகிறான். நம்மவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றேன். 1916இலேயே பாரதி அதை மெச்சி எழுதியிருக்கிறார் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

இதற்குள் சேரின் அக்கா தொடங்கிவிட்டார். எழுத வாசிக்கத் தெரியாத மனிசி.

குடை பிடிச்ச கையெங்க, என்ட தம்பி
கோடை வெயில் சுடுகுதெடா, என்ட தம்பி

குடைக்குக் கோடை, மோனை தானாக விழுகிறது. சேரின் அந்தக் கறுப்புக் குடை உனக்கு ஞாபகம்தானே? என் வெண்பாவை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தவர்கள்கூட விசிறுவதை நிறுத்தினார்கள். சீர் பிரிக்கப் பார்த்தேன், இரண்டாம் வரியிலேயே கண் மறைத்துவிட்டது.

எழுதி வைப்போம் என்று இன்று காலை போய்க் கேட்டேன். "அது அழுகை மகன். சொல்லித் தாறதுக்கு அதென்ன பாட்டா?" என்றார்.

மலர் ஒன்று அனுப்புகிறேன். இரண்டாம் அடியில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். தங்கச்சியின் முழங்கால் எப்படி?

உன்,
தேமா