‘அது மத்திய அரசு நிறுவனம்’ என்ற பதிலோடு வராதீர்கள்

கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளிலும் நிற்கப்போகும் எல்லாக் கட்சி வேட்பாளர்களுக்கும், சுயேச்சைகளுக்கும்,

வணக்கம்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் விதை, உரம் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. என் பெயரில் நிலமும் இல்லை என்பதால் இழப்பீடோ வேலையோ எனக்கு வரப்போவதில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் யார், எந்த வயலில், என்ன ரகம் விதைத்திருக்கிறார்கள் என்பது, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். என் கடன் நோட்டில் இருக்கிறது.

2021இல் அமைந்த சட்டமன்றத்தின் ஆயுள் 2026 மே மாதத்தோடு முடிகிறது. திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி நீங்கள் எங்கள் தெருவுக்கு வருவீர்கள். ஆரத்தி எடுப்பார்கள், பட்டாசு வெடிக்கும், யாரோ ஒருவர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின்நிலையமும் நடத்தும் என்.எல்.சி.க்காக எடுத்த நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு உங்களில் பெரும்பாலோரிடம் கட்சி வேறுபாடு இல்லாமல் ஒரே பதில்தான் இருக்கிறது: ‘அது மத்திய அரசு நிறுவனம், டெல்லிக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம்.’ இந்த முறை அந்தப் பதிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

2023ஆம் ஆண்டை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மார்ச் 11 அன்று என்.எல்.சி.க்கு நிலம் எடுப்பதைக் கண்டித்து மாவட்டம் முழுவதும் கடையடைப்புக்கு பா.ம.க. அழைத்தது. எங்கள் தெருவில் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. போராட்டக்காரர் வந்தால் மூடிய கடை, போலீஸ் வந்தால் திறந்த கடை. ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதியும் வடசேரியும் மைக்கேல்பட்டியும் ஒன்றிய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்தது. எல்லாக் கட்சிகளும் எதிர்த்தன, முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், சில நாட்களிலேயே மூன்று பகுதிகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்த மகிழ்ச்சி ஜூலை வரைதான் நீடித்தது.

ஜூலை 26 அன்று வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட என்.எல்.சி.யின் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. இறங்கிய இடம் விளைந்துகொண்டிருந்த நெல் வயல். பயிர் தூர் கட்டி முடித்துக் கதிருக்குத் தயாராகும் பருவம். அந்தப் பருவத்தில் விவசாயி உரக்கடைப் பக்கம் அதிகம் வரமாட்டார், தண்ணீர் கட்டுவதும் காவல் காப்பதும்தான் வேலை. இயந்திரத்தின் கை சேற்றோடு பயிரை அள்ளிக் கரையில் கொட்டியது. வேர் மேலாகவும் தோகை கீழாகவும் கிடந்த அந்தக் குவியலைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. சுற்றிலும் நின்றது நம் மாநிலக் காவல்துறை. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் முற்றுகை, பா.ம.க. தலைவர் அன்புமணி கைது, அதன் பிறகு கல்வீச்சு, தடியடி, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. இரவு பஸ்கள் நின்றுபோயின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்பீர்கள். அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பணம் கொடுத்தாயிற்று, விதைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம், கால்வாய் வெட்டாவிட்டால் மழைக்காலத்தில் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும், மின்சாரம் தடைபடும் என்றார்கள். நிலம் எடுத்தது உண்மைதான். ஆனால் எடுத்த நிலத்தைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடாமல் விட்டுவிட்டு, நெல் விளையும் நேரத்தில் வந்து கேட்பது எந்த ஊர் நியாயம்? நஞ்சை நிலத்தை ஒரு போகம் தரிசாகப் போட்டாலே ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பத்து ஆண்டு சும்மா கிட என்றால் எந்த விவசாயி கேட்பான்? மின்சாரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரை நம்பிப் பயிர் செய்யும் ஊர்களும் உண்டு. அப்பன் நிலத்தைக் காப்பாற்ற சாலையில் உட்கார்ந்திருக்க, மகன் அதே சுரங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டுக்குப் போன வீடுகளும் எனக்குத் தெரியும். இது நெய்வேலியை மூடச் சொல்லும் மடல் அல்ல.

இனி உங்கள் பதிலுக்கு வருகிறேன். என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம் என்பது பாதி உண்மை. 2013இல் ஒன்றிய அரசு அதன் பங்குகளை விற்க முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தனியார் கைக்குப் போகாமலிருக்க 3.56 விழுக்காடு பங்கைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்கள் வாங்கின. அதாவது நம் மாநிலமும் அதில் பங்குதாரர். அது சிறிய விஷயம், விட்டுவிடலாம். பெரிய விஷயம் வேறு. நிறுவனம் யாருடையதாகவும் இருக்கட்டும், நிலத்தை எடுத்துக் கொடுக்கும் சட்டம் யாருடையது? 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் எடுப்புச் சட்டம், நீங்கள் உள்ளே போகத் துடிக்கும் அதே சட்டமன்றத்தில் நிறைவேறியது. நோட்டீசில் கையெழுத்துப் போடுகிறவர் மாநில வருவாய்த்துறை அதிகாரி. வயலுக்குக் காவல் நிற்பது மாநில போலீஸ். இதில் டெல்லி எங்கே வருகிறது?

2013இல் நாடாளுமன்றம் புதிய நிலம் எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் இரண்டு நல்ல அத்தியாயங்கள் உண்டு. நிலம் எடுப்பதற்கு முன் அந்த ஊரில் யார் யார் வாழ்வு எப்படிப் பாதிக்கும் என்று சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது ஒன்று. உணவுப் பாதுகாப்புக்காக, பாசன வசதியுள்ள, பல போகம் விளையும் நிலத்தைத் தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே தொட வேண்டும் என்பது இன்னொன்று. தமிழ்நாடு 2014இல் ஒரு திருத்தம் போட்டு, 1997 சட்டம் உட்படத் தன் மூன்று நிலம் எடுப்புச் சட்டங்களுக்கு இவை பொருந்தாது என்று வேலி கட்டிக்கொண்டது. இழப்பீடு, மறுவாழ்வுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. உடனே அதே ஆண்டில் பழைய சட்டங்களுக்கு உயிர் கொடுக்கத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நிறைவேற்றியது அ.தி.மு.க. ஆட்சி, அதை வைத்துக்கொண்டு ஆண்டது தி.மு.க. ஆட்சி. கூட்டணி மாறி மாறி இரண்டு பக்கமும் உட்கார்ந்த கட்சிகளின் பெயரை நான் எழுத வேண்டியதில்லை, போஸ்டரில் இருக்கிறது.

சமூகத் தாக்க மதிப்பீடு என்றால் ஏதோ அலுவலகக் காகிதம் என்று நினைக்காதீர்கள். என் கடன் நோட்டில் உள்ள பெயர்களில் பாதிக்கு மேல் பட்டாதாரர்கள் அல்லர். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் செய்கிறவர்கள். அவர்களுக்குக் கீழே நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களையெடுத்துக் கூலி வாங்கும் காலனிப் பெண்கள். நிலம் போனால் பட்டாதாரருக்குக் காசோலை வரும். இவர்களுக்கு வேலை போகும், அவ்வளவுதான். மூன்று ஆண்டு அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைக்காரரையும் கூலியாளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று 2013 சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அவர்களை வீடு வீடாகப் போய்த் தலை எண்ணும் இடமே அந்த மதிப்பீடுதான். அதை எடுத்துவிட்டால் அவர்கள் கணக்கிலேயே இல்லை. 2023 கலவரத்தை ஒரு கட்சியின் போராட்டம், ஒரு சாதியின் கோபம் என்று சுருக்கியவர்கள் இந்தப் பெண்களை எந்தப் பக்கத்தில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. மேடையில் உள்ளவர்களும் அவர்களைக் கூப்பிடவில்லை, மேடையை எதிர்த்தவர்களும் கூப்பிடவில்லை.

வேட்புமனுவோடு படிவம் 26இல் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தருவீர்கள். அதில் உங்கள் விவசாய நிலம் எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கர் என்று எழுத வேண்டும். எழுதும்போது ஒரு நிமிடம் பேனாவை நிறுத்திவிட்டு, அந்தச் சர்வே எண் நாளைய அரசிதழில் வந்தால் நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட விரும்புவீர்கள் என்று யோசியுங்கள். 1997இன் சட்டமா, 2013இன் சட்டமா?

சட்டமன்றத்தில் தனியாக ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பீர்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியது, கூட்டணிக் கட்சிகளே முகம் சுளித்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. பத்தே நாள். நிறைவேறிய மசோதாவையே திரும்பப் பெற முடியும் என்றால், பழைய சட்டத்தில் இரண்டு அத்தியாயங்களைச் சேர்க்க முடியாதா? அதே ஏப்ரல் 21 அன்று, நீர்நிலை உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்கு ஒதுக்க வழிசெய்யும் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமும் நிறைவேறியது; அதற்கு அவ்வளவு சத்தம் எழவில்லை. அது இன்றும் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வள்ளலாரை விட்டுவிடுங்கள். வடலூர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு மேடையிலும் வாடிய பயிரைப் பற்றிய அந்த வரியைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறீர்கள். அந்த நேரத்தில் கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் சொல்லலாம்.

சமூகத் தாக்க மதிப்பீடும் உணவுப் பாதுகாப்பு விதியும் 1997 சட்டத்தின்கீழ் எடுக்கும் நிலத்துக்கும் பொருந்தும் என்று திருத்தம் கொண்டுவர வாக்களிப்பீர்களா? உங்கள் கட்சி கொண்டுவராவிட்டால் தனிநபர் மசோதாவாக நீங்களே கொடுப்பீர்களா? நிற்கும் பயிர் அறுவடையாகும்வரை எந்த இயந்திரமும் வயலில் இறங்கக்கூடாது என்பதை, நீதிபதியின் மனசாட்சிக்கு விட்டுவிடாமல், சட்டத்திலேயே எழுத ஒத்துக்கொள்வீர்களா? 2023 ஜூலையில் வழக்கில் பெயர் ஏறிய பிள்ளைகளை எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல் விடுவிக்கக் கேட்பீர்களா?

ஆம் அல்லது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கட்சியின் லெட்டர்பேடு வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இல்லை என்று எழுதினாலும் பரவாயில்லை, காரணத்தைச் சேர்த்து எழுதுங்கள். ஒன்பது தொகுதியிலிருந்தும் வரும் தாள்களைக் கடையின் முன்பக்கத்தில், உரவிலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். பதில் தராதவர்களுக்கும் பெயர் எழுதி இடம் விட்டிருப்பேன்.

இப்படிக்கு,
சேத்தியாத்தோப்பு வட்டார வாக்காளர் ஒருவர்