நியமன உறுப்பினர் கூட்ட அறைக்குள் நுழைவது எப்படி? தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மதிப்பிற்குரிய தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்குவதற்கான சட்டத்திருத்தங்களை 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, பிறர் நமக்காகப் பேசிய காலம் போய் நாமே பேசும் காலம் வந்தது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஊரக உள்ளாட்சிகளில் மட்டும் ஏறத்தாழ 13 ஆயிரம் பேருக்கு இடம் கிடைக்கும் என்று அப்போது அரசு அறிவித்தது. அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஆனால் இருக்கையைக் கொடுத்த அரசு, அந்த இருக்கை வரை போய்ச் சேரும் வழியையும் கொடுக்க வேண்டும் என்று நினைவூட்டவே இம்மடல்.

பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அரசு அலுவலகத்துக்கு அண்மையில் ஒரு சான்றிதழுக்காகப் போயிருந்தேன். வாசலில் நான்கு படிகள். பக்கவாட்டில் புதிதாகப் பூசிய சாய்தளம். உடன் வந்த தம்பி மகனிடம் அளவு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். தரையிலிருந்து உயரம் 2 அடி, சாய்தளத்தின் நீளம் 7 அடி. ஓரடி உயரம் ஏறக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது கட்டுமானத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதன்படி அங்கே 24 அடி இருந்திருக்க வேண்டும். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளியும் என் சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் தூக்கிக்கொண்டன. ஒருவழியாக மேலே ஏறினால் வாசலில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு நிலைக்கட்டை. சாய்தளத்தைக் கட்டியவரும் அதற்குத் தொகை வழங்கியவரும் அதில் ஒரு முறையாவது ஒரு நாற்காலியை உருட்டிப் பார்த்திருந்தால் இந்தச் செலவு வீணாகியிருக்காது.

சட்டத்தில் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 44ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வழிசெய்யும் அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரக் கூடாது என்கிறது. கட்டி முடித்த பின்னும் அவ்விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று கிடையாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45ஆம் பிரிவு. விதிகள் வெளியானது 2017 ஜூனில். நிலைமையைப் பொறுத்துக் கால நீட்டிப்புக்கு இடமுண்டு என்றாலும், அந்த ஐந்தாண்டு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. பார்வைத்திறன் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைபோல் வைத்திருக்கும், அந்த 2017 விதிகளில் உள்ள 15ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று கூறி, கட்டாயமான தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திடும் பொறியாளர் சாய்தளத்தின் சரிவை அளப்பதில்லை என்றால் பிழை அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்கும் இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாக்குப்பதிவு நாளன்று எங்கள் பகுதிப் பள்ளியில் மரப்பலகைச் சாய்தளமும் சக்கர நாற்காலியும் தன்னார்வலரும் காத்திருக்கிறார்கள். மறுநாள் பலகை எங்கே போகிறது என்று தெரிவதில்லை. ஒரே நாளில் செய்ய முடிகிற காரியம்தான் இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

படிக்கட்டோடு இது முடிந்துவிடுவதில்லை. பார்வையற்ற ஒருவர் ஊராட்சி மன்ற உறுப்பினரானால், தீர்மானங்களும் வரவு செலவுக் கணக்கும் அவர் கைக்கு எந்த வடிவில் வரும்? அரசாணைகளையே ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆக வெளியிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது படமாக இருப்பதால், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதில் ஒரு சொல்லைக்கூட வாசிப்பதில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பையே அனுப்பினால் போதும், இதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்த உறுப்பினருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குச் செலவாகும், அதை யார் ஏற்பது என்பதை இப்போதே ஆணையில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஊராட்சியும் ஒன்றியத்தைக் கைகாட்டும், ஒன்றியம் மாவட்டத்தைக் கைகாட்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நியமன உறுப்பினர் அமரவிருக்கும் ஒவ்வொரு மன்றக் கட்டடத்தையும், அந்தப் பகுதியிலேயே வாழும் மாற்றுத்திறனாளிகள் இருவரை உடன் வைத்துக்கொண்டு பொறியாளர்கள் நேரில் சரிபார்க்க வேண்டும். சரிவு, கதவின் அகலம், கழிப்பறை ஆகியவற்றின் அளவுகளைக் கட்டடவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். உடனே மாற்ற இயலாத இடங்களில், கூட்டத்தைத் தரைத்தளத்திலுள்ள வேறொரு பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ நடத்த ஆணையிடலாம். விதி மீறலுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவு வைத்திருக்கும் அபராதம் முதல் முறைக்கு 10 ஆயிரம் ரூபாய் வரை; அந்தப் பிரிவை யார் மீதாவது பயன்படுத்தியதுண்டா என்பதையும் அந்தப் பட்டியலோடு சேர்த்து வெளியிட்டால் நல்லது.

இம்மடலுக்குப் பதில் அனுப்புவதாக இருந்தால், கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த தாளோடு அதன் தட்டச்சுக் கோப்பையும் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்போது பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகத் திருத்தம் சொன்ன என் நண்பருக்குப் பார்வை இல்லை. பதிலை அவரே படித்துக்கொள்ள விரும்புகிறார்.

இப்படிக்கு,
சக்கர நாற்காலியில் இயங்கும் ஒரு குடிமகன்