ஜெபிக்க வரவில்லை என்று எழுதிய தங்கைக்கு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா போன பிறகு வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மூடிவிடுவதாக எழுதியிருந்தாய். ஆராதனையில் எல்லாரும் பாடும்போது உனக்கு மட்டும் வாய் எழவில்லை என்றும் சொல்லியிருந்தாய். என்னை அதிகம் வருத்தியது அடுத்த வரிதான். "விசுவாசி இத்தனை நாள் அழலாமா? சாட்சி கெட்டுப்போகும்" என்று சபையிலேயே யாரோ சொன்னார்களாமே.

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அது தவறு. லாசருவின் கல்லறைக்கு இயேசு வந்ததை யோசித்துப் பார். அவனை எழுப்பப்போகிறேன் என்று வழிக்குக் கிளம்பும் முன்பே சீஷர்களிடம் சொல்லிவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் அந்தக் கல்லறை காலியாகப்போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டதும் "இயேசு கண்ணீர் விட்டார்." உயிர்த்தெழுதலைக் கையில் வைத்திருந்தவரே அழுதிருக்கிறார் என்றால், அதை நம்பிக் காத்திருக்கிற நீ அழுவதில் என்ன குறை? பவுலும் நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை.

"அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனத்தை நாம் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் போட்டுக்கொள்கிறோம். அது எங்கே இருக்கிறது தெரியுமா? கி.மு. 586 வாக்கில் எருசலேமும் ஆலயமும் எரிந்துபோன பிறகு பாடிய புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில். அதற்கு ஐந்து வசனம் முன்னால், "நான் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று" என்கிறான் அதே மனிதன். அந்த வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை! இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு எந்த அற்புதமும் நடக்கவில்லை, நகரம் எரிந்தது எரிந்தபடியே கிடந்தது. அவன் செய்ததெல்லாம் கர்த்தருடைய இரக்கத்தை மறுபடி மனதில் கொண்டுவந்ததுதான். அதிகாரத்தைத் தாண்டிப் படித்தால் அழுகை திரும்ப வருகிறது. நம்பிக்கை வந்துவிட்டால் கண்ணீர் நின்றுவிடும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

ஜெபிக்க வரவில்லை என்கிறாய். 88-ம் சங்கீதத்தை வாய்விட்டுப் படி. ஆறுதலாக ஒரு முடிவுகூட இல்லாமல், சிநேகிதர்களும் தூரமாகிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது அது. அப்படியொன்றை வேதத்துக்குள் வைத்திருக்கிற தேவனிடம் உன் கோபத்தை மறைத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. அதுவும் முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திரு. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-ல் இருப்பது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

இன்னொன்று. நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று அம்மா சொன்னார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டதே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் ஆட்கள் பெரும்பாலும் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அடையை மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் பெரிய பிரசங்கியார் ஸ்பர்ஜனைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். 1856-ல், அவருக்கு 22 வயது இருக்கும்போது, லண்டனில் அவர் பிரசங்கித்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்தியதில் நெரிசலாகி 7 பேர் இறந்துபோனார்கள். அவர் அப்படியே உடைந்துபோனார். அதற்குப் பிறகும் ஆயுள் முழுக்க மனச்சோர்வு அவரை விட்டு விட்டுப் பிடித்தது. பிரசங்க பீடத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று இன்று யாராவது சொல்வார்களா?

அதனால் தூக்கம் இப்படியே வராமல் போனாலோ, சாக வேண்டும் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தாலோ, உடனே எங்களிடம் சொல், டாக்டரையும் பார்க்க வேண்டும். ஜுரத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் இதற்குப் போட்டால் விசுவாசக் குறைவு என்று பேசினால், காதில் வாங்காதே.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அண்ணியும் வருகிறோம். சபைக்கு வர மனமிருந்தால் சேர்ந்து போவோம், பின்வரிசையிலேயே உட்காரலாம். இல்லையென்றால் உன்னோடு வீட்டில் இருக்கிறோம். அண்ணி சமைத்துக் கொண்டுவருகிறாள், நீ எதுவும் செய்து வைக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்